கடேசி ஆளு கீறியா?

நாலாவதாக வந்தவனுக்குத்தான் ஊர் உலகத்து நியாயமெல்லாம் ஞாபகத்துக்கு வரும். முதல் மூன்று பேருக்கு மேடை இருக்கிறது, கழுத்தில் மெடல் இருக்கிறது, போட்டோவுக்குச் சிரிக்கிற வேலை இருக்கிறது. ஐம்பதாவதாக வந்தவனுக்குப் பசி இருக்கிறது. நாலாவது ஆள்தான் கையில் தண்ணீர் பாட்டிலோடு மேடைக்குக் கீழே நின்று, யார் எங்கே என்ன செய்தார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பான். ஜெரோம் அப்படித்தான் நின்றான்.

மாமல்லபுரத்தில் மார்ச் முதல் ஞாயிறு நடந்த டிரையத்லான் அது. முதலில் கடலில் நீச்சல். ஈரத்தோடு கரையேறி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே கடப்பாக்கம் வரை போய்த் திரும்பி வரத் தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள். அதற்கும் மேல் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். காசு கட்டி இப்படி வருத்திக்கொள்வார்களா என்று கடப்பாக்கம் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். ஜெரோமுக்கு அது வேறு விஷயம். கடப்பாக்கம் காலனிக்காரன், வயது முப்பத்தாறு. மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டின் நீச்சல் குளத்தில் லைஃப் கார்டு. பதினோரு வருஷமாக அடுத்தவர் குளிப்பதைப் பார்த்துக்கொண்டு வெயிலில் நிற்கிற வேலை. அவன் வயதுப் பிரிவில் முதல் மூன்றுக்குள் வந்தால் கோச்சாகப் போடுகிறேன் என்று மேனேஜர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். மூன்றாவதாக வந்தவன் விஷால் என்ற சென்னைக்காரன். அவனுக்கும் ஜெரோமுக்கும் நடுவில் ஒரு நிமிஷம் பத்து வினாடி.

அந்த ஒரு நிமிஷம் பத்து வினாடி எங்கிருந்து வந்தது என்று ஜெரோமுக்குத் தெரியும். சைக்கிள்காரனுக்கு எதிரி ரோடு இல்லை, காற்று. முன்னால் ஒருவன் காற்றைத் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டு போனால், அவன் முதுகை ஒட்டிப் போகிறவனுக்குக் கால்வாசி, அரைவாசி உழைப்பு மிச்சம். இந்தப் பந்தயத்தில் அது கூடாது. சைக்கிளுக்குச் சைக்கிள் பன்னிரண்டு மீட்டர் இடைவெளி விட வேண்டும். முந்துவதென்றால் இருபத்தைந்து வினாடிக்குள் முந்திவிட வேண்டும். அதற்கு மேல் ஒட்டிக்கொண்டு போனால் டிராஃப்டிங், அதாவது கள்ள ஆட்டம். மோட்டார் பைக்கில் மார்ஷல்கள் சுற்றத்தான் செய்வார்கள். பைக் சத்தம் கேட்டால் விலகிப் போய், அது தாண்டியதும் ஒட்டிக்கொள்ளத் தெரியாதவர்களா நம் ஆட்கள்?

அன்றைக்கு விடிந்ததிலிருந்தே தெற்கத்திக் காற்று. பாலாற்றுப் பாலத்தில் ஏறினால் சைக்கிளைப் பிடித்துத் தள்ளியது. ரிசார்ட்டின் படகுப் பிரிவில் இரவல் கேட்டு வாங்கிய சின்னக் கேமராவை, அனுமதி கேட்டுத் தன் ஹேண்டில்பாரில் மாட்டியிருந்தான் ஜெரோம். கூவத்தூர் தாண்டிய பிறகு அது ஐந்து சைக்கிள்களைப் படம் பிடித்திருந்தது. ஒன்றின் பின்சக்கரத்தில் இன்னொன்றின் முன்சக்கரம் இடிக்காத குறை. அதில் மூன்றாவது சைக்கிள் விஷால். எல்லாருக்கும் முன்னால் போனவன் பூபாலன்.

பூபாலன், ஜெரோமின் மனைவி வரலட்சுமிக்கு அண்ணன். ஜெரோமின் தங்கை ரெஜினாவுக்குக் கணவன். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். ஒரு கல்யாணம் சர்ச்சில், இன்னொரு கல்யாணம் மாரியம்மன் கோயிலில், ஒரே வாரத்தில் இரண்டும் நடந்து, இரண்டுக்கும் ஒரே சமையல்காரர் வந்து போனார். இவன் அவனுக்கு மச்சான், அவன் இவனுக்கு மச்சான். பூபாலன் செங்கல்பட்டில் ஒரு தனியார் பள்ளியில் காண்ட்ராக்ட் பி.டி. மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் விஷால் மாதிரியான ஆட்களுக்கு முட்டுக்காட்டிலிருந்து சைக்கிள் பயிற்சி. முப்பது வயதுக்கு மேல் ஜெரோமைப் பந்தய சைக்கிளில் ஏற்றி, விழவிடாமல் பழக்கியதும் அவன்தான்.

மேடைச் சத்தமெல்லாம் ஓய்ந்த பிறகு, ரிசார்ட்டின் மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்து ஜெரோம் அந்தப் படத்தை வெட்டினான். இருபத்திரண்டு வினாடி. காற்றுச் சத்தம் யாருக்கு வேண்டும் என்று ஒலியை எடுத்துவிட்டு மேளச் சத்தம் ஒன்றைப் போட்டான். ‘உழைச்சவன் கீழ நிக்கிறான், ஒட்டிக்கினு வந்தவன் மேல நிக்கிறான்’ என்று எழுதி, பின்னால் ஒட்டி வந்த நாலு பேரின் பந்தய நம்பர்களை வரிசையாக அடித்தான். அவனோடு லைஃப் கார்டாக இருக்கிற தீனதயாளன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

“அண்ணாத்த, முன்னாடி போறது உன் மச்சான்தான?”

“ஆமா. அவன் மேல தப்பு இல்லடா. காத்து வாங்கறவன் அவன். நோகாம வர்றவனுங்க பின்னால கீறானுங்க.”

“அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பாக்கறவனுக்கு இன்னா தெரியும்? அஞ்சு சைக்கிள் கீது, நாலு நம்பர் போட்டுகிற. சொந்தக்காரன மட்டும் மறைச்சிட்டான்னு கேப்பானுங்க. அப்பால நீ சொன்ன மொத்தமும் பூடும்.”

தீனா சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் ஜெரோமுக்குப் பட்டது. முன்னால் போகிறவன் குற்றவாளி இல்லை என்று ரூல் தெரிந்தவனுக்குப் புரியும், மற்றவனுக்கு நாம் விளக்கிச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். ஐந்தாவது நம்பரையும் அடித்தான். நானூற்றுப் பதினேழு. அடித்து அனுப்பிவிட்டு, பசி எடுத்ததால் கேண்டீனுக்குப் போனான்.

சாயந்திரத்துக்குள் அது அவன் கையை விட்டுப் போய்விட்டது. சைக்கிள் கிளப்புகளில், ஓட்டக்காரர்களின் குழுக்களில், வேறு ஊர்ப் பந்தயக்காரர்களின் பக்கங்களில் எல்லாம் அந்த இருபத்திரண்டு வினாடி ஓடியது. கோயம்புத்தூரிலிருந்து யாரோ ஒருவர், ‘சொந்த மச்சானையே விடாத நேர்மை. இவனுக்கு ஒரு சல்யூட்’ என்று எழுதியிருந்தார். மச்சான் என்று அவருக்கு யார் சொன்னார்களோ, தீனாவாகத்தான் இருக்கும். அந்த ஒரு வரிக்கு ஆயிரம் பேருக்கு மேல் கை தட்டியிருந்தார்கள். கோயம்புத்தூர்க்காரரின் அந்த வரியை ஜெரோம் அன்றைக்கு எத்தனை தடவை படித்தான் என்று கேட்டால் இன்றைக்கு அவனுக்கே வெட்கமாக இருக்கும். பஸ்ஸில் வரும்போது படித்தான். வீட்டுக்கு வந்து, கால் வீக்கத்துக்கு வரலட்சுமி வெந்நீர் ஊற்றும்போதும் படித்தான்.

மறுநாள் விஷால் பதில் போட்டான். காரில் உட்கார்ந்துகொண்டு கும்பிடு போட்டுப் பேசினான். “நாங்கள்லாம் புதுசுங்க. கோச் பூபாலன்தான் எங்களுக்கு எல்லாம். அவர் முன்னாடி போனார், நாங்க பின்னாடி போனோம். ரூல்ஸ் அவருக்குத்தானே தெரியணும்?” மற்ற மூன்று பேரும் அதையே எடுத்துப் போட்டார்கள். அவ்வளவுதான். நாலு பேரின் நம்பரும் ஜனங்களுக்கு மறந்து போய், நானூற்றுப் பதினேழு மட்டும் மிஞ்சியது. காசு வாங்கிக்கொண்டு பணக்காரர்களை இழுத்துப்போகிற கோச் என்றார்கள். போட்டி நடத்தியவர்கள் வெளியார் வீடியோவைச் சாட்சியாக எடுக்க மாட்டோம், முடிவில் மாற்றமில்லை என்று இரண்டு வரி எழுதி முடித்துக்கொண்டார்கள். விஷாலின் மெடல் விஷாலிடமே இருந்தது.

செங்கல்பட்டுப் பள்ளியில் பெற்றோர் குழுவுக்குள் அந்தப் படம் போக ஒரு வாரம் ஆனது. ஏமாற்றத் தெரிந்தவரா எங்கள் பிள்ளைகளுக்கு விளையாட்டு சொல்லிக்கொடுக்கிறார் என்று ஒரு தாய் கேட்டாள். பள்ளியில் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். பரீட்சை நேரம், இனி பி.டி. பீரியட் கிடையாது, ஜூனில் தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்றார்கள். பூபாலன் தன் விசிலையும் ஸ்டாப்வாட்சையும் மேஜையில் வைத்துவிட்டு, செய்யூர் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தான்.

இதையெல்லாம் ஜெரோமிடம் அவன் சொல்லவில்லை. ஜெரோம் மூன்று தடவை போன் போட்டான். மூன்றாவது தடவை எடுத்து, “வுடு மச்சான், சாப்பாட்டுல கீறேன்” என்று வைத்துவிட்டான். பள்ளி விஷயத்தை வரலட்சுமிதான் கடலைக் கொல்லையில் கேள்விப்பட்டு வந்தாள்.

மார்ச் கடைசியில் செய்யூர்ப் பக்கம் கடலை பிடுங்கு. கொடியைப் பிடுங்கிக் குவித்துப் போடுவார்கள். பெண்கள் குவியலைச் சுற்றி உட்கார்ந்து காய் ஆய்வார்கள். ஆய்ந்ததில் பங்கு கூலி. நகக்கண்ணில் மண் ஏறி நாலு நாளைக்கு விரல் மடக்க முடியாது. வரலட்சுமியும் ரெஜினாவும் கல்யாணமான வருஷத்திலிருந்து ஒரே குவியலில்தான் உட்காருவார்கள். ஒரு தூக்கில் சோறு, இன்னொரு தூக்கில் குழம்பு. இந்த வருஷம் ரெஜினா பார்த்துவிட்டு, பத்து அடி தள்ளி வேறு குவியலில் போய் உட்கார்ந்தாள்.

அன்றைக்கு ஜெரோமுக்கு வார லீவு. மதியம் ஒன்றரை மணிக்கு வரலட்சுமி வந்தாள். புடவை முந்தானையெல்லாம் செம்மண். கை கழுவாமலே வாசற்படியில் உட்கார்ந்தாள்.

“சோறு ஆக்கி வச்சிகிறேன். காரப்பொடி மீன் கொழம்பு” என்றான் ஜெரோம்.

“நீ துன்னியா?”

“நீ வரட்டும்னு இருந்தேன்.”

“நீ துன்னு. எனக்கு வாணாம். ரெஜினா இன்னிக்குத் தூக்கே தொறக்கல. நான் மட்டும் எப்படித் துன்னுவேன்?”

“எதுனா சொல்லிச்சா?”

“சொல்லியிருந்தாத்தான் நல்லாருக்குமே. வாய்க்கு வந்தபடி ஏசியிருந்தா, நானும் ரெண்டு ஏசிட்டு ஒண்ணா உக்காந்து காய் ஆஞ்சிருப்போம். அது கம்முனு கீது. எங்களோட காய் ஆயிற சந்திரம்மாதான் சொல்லிச்சு, அண்ணனுக்கு இஸ்கூல்ல வேல பூட்ச்சாம். பத்து நாளாச்சாம். தெனம் காலைல பேன்ட் சட்ட மாட்டிகினு கெளம்பி, செய்யூர்ல எங்கியோ உக்காந்துட்டு வருதாம். முந்தாநாள்தான் ரெஜினாவுக்கே தெரிஞ்சிதாம்.”

ஜெரோம் படியில் உதிர்ந்த செம்மண் கட்டி ஒன்றை விரலால் நசுக்கினான்.

“இன்னா, வாய தொற.”

“நான் இன்னா பண்ணுவேன்? நான் சொன்னது பொய்யா? அஞ்சு பேரு ஒட்டிகினு போனானுங்க. போட்டேன். அந்த விஷால் பையன் மொத்தத்தையும் மச்சான் தலைல கட்டுவான்னு எனக்கு இன்னா தெரியும்?”

“நான் அத்தக் கேக்கல. எனக்கு உன் ரேஸு, ரூலு ஒரு மண்ணும் தெரியாது. ஒண்ணு மட்டும் சொல்லு. அந்தப் படத்தப் புடிக்கச்சொல்ல நீ எங்க இருந்த?”

“பின்னால.”

“எவ்ளோ பின்னால?”

“பின்னாலதான். கேமரா அதுபாட்டுக்கு ஓடிகினு இருந்துச்சு.”

“தோ, நம்ம தெருமொனைல பால்காரர் வண்டி நிக்கிது. இங்கேர்ந்து அந்த நம்பர உன்னால படிக்க முடியுமா? எனக்கு முடியல. அந்தப் படத்துல சீட்டுக்குக் கீழ ஒட்டுன துண்டுக் காகிதம், அதுல கீற நம்பரு எனக்குத் தெரியிது. அஞ்சாவது ஆளு பனியன்ல உப்புப் பூத்துகிறது கூடத் தெரியிது. நீ எங்க இருந்த?”

குழம்பின் மேல் ஈ வந்து உட்கார்ந்தது. அதை விரட்டுகிற சாக்கில் ஜெரோம் எழுந்து உள்ளே போனான். அவள் விடவில்லை. கையைக் கழுவிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

“முழுசா கீதுதான? காட்டு.”

கேமராவின் கார்டு திருநீற்றுப் பொட்டலம் மாதிரி பத்திரமாக பைபிளுக்குள் இருந்தது. பந்தயத்துக்குப் பிறகு ஜெரோம் அதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. வெட்டி எடுத்த இருபத்திரண்டு வினாடியைத்தான் நூறு தடவை பார்த்திருந்தான். பார்க்காமலிருந்தால் நடக்கவில்லை என்றே மனசு ஒரு மாதிரி பழகிவிடுகிறது. கார்டைப் போனில் செருகி அவளிடம் கொடுத்தான்.

பாலாற்றுப் பாலத்திலிருந்து ஓட்டிப் பார்த்தாள். படத்தில் ஆளே இல்லை, காலி ரோடுதான். சத்தம் மட்டும் இருந்தது. தகரக் கூரையைப் பிய்க்கிற மாதிரி காற்று. போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். கூவத்தூர் வந்தது. கடைகள், ஒரு சவுக்குத் தோப்பு, தூரத்தில் புள்ளியாக ஐந்து சைக்கிள். புள்ளி பெரிதானது. பன்னிரண்டு மீட்டர் வந்தது, போனது. இன்னும் பெரிதானது. காற்று இரைந்துகொண்டே இருந்தது. ஐந்தாவது ஆளின் பின்சக்கரம் படத்தின் அடிப்பக்கத்தில் வந்து நின்ற உடனே, யாரோ கதவைச் சாத்தினாற்போல் சத்தம் நின்றுவிட்டது.

“சவுண்டு பூட்ச்சே” என்றாள். போனைத் தட்டினாள்.

பழுது ஒன்றுமில்லை. செயின் ஓடுகிற சத்தம் சன்னமாகக் கேட்டது. ஜெரோம் மூச்சு வாங்குவது கேட்டது. முன்னால் யாரோ இருமினார்கள்.

“இன்னா ஆச்சு? காத்து நின்னுட்சா?”

ஜெரோம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். காற்று எங்கே நின்றது? படத்தில் ரோட்டோரத்து சவுக்கு மரமெல்லாம் வளைந்து ஆடிக்கொண்டுதான் இருந்தது. அவளும் அதைப் பார்த்தாள். பார்த்துப் புரிந்துகொண்டாள். கடலைக் காய் ஆய்கிறவள்தான், ஆனால் உப்பளத்துக்காரன் மகள்; முன்னால் போகிறவன் முதுகு மறைத்தால் காற்று எப்படி அடங்கும் என்று தெரிந்தவள்.

அப்போதுதான் போனில் அந்தக் குரல் வந்தது. திரும்பிப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துக் கத்துகிற குரல்.

“கடேசி ஆளு கீறியா?”

அதைத் தொட்டுக்கொண்டு, கேமராவுக்கு வெகு பக்கத்தில், மூச்சிரைப்போடு இன்னொரு குரல்: “கீறேன் மச்சான்.”

இது கடப்பாக்கம் காலனிக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த சமாசாரம். தை பிறந்தால் ஆவணி வரைக்கும் தெற்கே மரக்காணம் உப்பளத்தில் வேலை. பதினைந்து கிலோமீட்டர், விடியலில், சைக்கிளில், எதிர்காற்றில். எட்டுப் பேர், பத்துப் பேர் ஒரே வரிசையாகப் போவார்கள். திடமானவன் முன்னால். காய்ச்சல்காரன், பிள்ளைத்தாச்சி, வயசானவர்கள் எல்லாம் பின்னால். முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவர்களை உதறிவிட்டு ஓடுவது என்பது அங்கே சொல்லக் கூசுகிற காரியம். ஒவ்வொரு மைல்கல்லிலும் முன்னால் போகிற ஆள் திரும்பாமலே கேட்பான். வரிசையில் கடைசியாக இருப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் வந்தால் நடுவில் எல்லாரும் இருக்கிறார்கள் என்று அர்த்தம். பதில் வராவிட்டால் வேகத்தைக் குறைப்பான். பத்தாவது லீவில் பூபாலனும் ஜெரோமும் அந்த வரிசையில் போனவர்கள்தான். பூபாலன் முன்னால், ஜெரோம் கடைசியில்.

வரலட்சுமி போனை நிறுத்தவில்லை. அடுத்த மைல்கல் வந்தது. அதே கேள்வி, அதே பதில். விஷால் என்னவென்று புரியாமல் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அதற்கடுத்த கல், அதற்கடுத்தது. நடுவில் மார்ஷல் பைக் வந்தபோது எல்லாரும் கலைந்தார்கள், காற்று மறுபடி இரைந்தது. பைக் போனதும் அடங்கியது. அவள் விரல் விட்டு எண்ணினாள்.

“ஒம்போது வாட்டி கேட்டுகிது எங்கண்ணன்” என்றாள். “அந்த நாலு பேருக்கு இந்தப் பேச்சே தெரியாது. உன்னத்தான் கேட்டுகினு போவுது. ஒம்போது கல்லுக்கும் கீறேன் கீறேன்னு சொல்லிட்டு, சாயங்காலம் நம்பர் எழுதிகிறியே, உன் நம்பர எங்கய்யா எழுதன?”

ஜெரோமுக்கு அழுகை வந்தது. அதை அவன் மறைக்கவில்லை. தான் ஒட்டிக்கொண்டு போனதாக அவனுக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை, அதுதான் உண்மை. மச்சான் முன்னால் போனான், கேட்டான், இவன் பதில் சொன்னான். அதைப் போய் டிராஃப்டிங் என்று யாராவது சொல்வார்களா? அந்தப் பெயர் அடுத்தவன் செய்தால்தான் ஞாபகம் வந்தது. இதை அவளிடம் சொல்லப் பார்த்தான். பாதியிலேயே அவனுக்கே கேட்கச் சகிக்காமல் நிறுத்திக்கொண்டான்.

வெயில் தாழ்வதற்கு முன்பே பூபாலன் வீட்டுக்குப் போனான். மூன்று தெரு. ரெஜினா இன்னும் கொல்லையிலிருந்து திரும்பவில்லை. வாசலில் பூபாலன் பழைய சைக்கிள் ஒன்றைத் தலைகீழாக நிறுத்தி, பின்சக்கரத்தில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். கிளப் கொடுத்திருந்த பந்தய சைக்கிள் இருந்த இடம் காலியாக இருந்தது.

“வா மச்சான். உக்காரு” என்றான். அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் ஜெரோமுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“சைக்கிள்?”

“கிளப்புல வாங்கிகினு பூட்டாங்க. அவங்களுதுதான. நாளைலேர்ந்து உப்பளம் போறேன். வாரி மூட்ட புடிக்கிற வேல. சும்மா வூட்ல குந்திகினு இருந்தா பைத்தியம் புடிக்குது.”

“நீ ஏன் ஒரு வார்த்த பேசல மச்சான்? அந்த நாய் உன் தலைல கட்டறான், ஊரே ஏசுது, நீ கம்முனு கீற.”

பூபாலன் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அது நிற்கிற வரைக்கும் பார்த்தான்.

“இன்னான்னு பேசறது? கடேசி ஆளு நீதான்னா?”

“சொல்லியிருக்கலாமே.”

“அன்னிக்குக் கடல் நீச்சல்ல நீ லேட்டுன்னு எனக்குத் தெரியும். இந்த வாட்டி மேல ஏறிட்டா உனக்கு வேல ஒசரும்னு வரலட்சுமி சொல்லியிருந்துச்சு. கூவத்தூராண்ட அந்த நாலு பேரும் வந்து ஒட்டிகினானுங்க. ஒரு மிதி மிதிச்சா உதிந்துட்டிருப்பானுங்க. மிதிக்கத்தான் பாத்தேன். திரும்புனா நீ வந்துகினு கீற. அப்பால எப்படி மிதிக்கிறது?” துணியில் கையைத் துடைத்துக்கொண்டான். “எனக்கு ரூலு தெரியாதா மச்சான்? பசங்களுக்குச் சொல்லிக்குடுக்கறவன் நான். தெரிஞ்சேதான் செஞ்சேன். அதனால என் நம்பர நீ போட்டதுல தப்பு இல்ல.”

“தப்பு இல்லன்னு சொல்லாத மச்சான். செருப்பால அடி. அப்படிச் சொல்லாத.”

“கத்தாத. பக்கத்து வூட்ல கேக்கும்.” உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். ஜெரோம் வாங்கிக் குடித்தான். வேறு என்ன செய்வான். “ஒண்ணே ஒண்ணுதான்” என்றான் பூபாலன். “நம்பர் எழுதறதுக்கு முன்னால ஒரு போன் போட்டிருக்கலாம். போடு மச்சான்னுதான் சொல்லியிருப்பேன்.”

மறுபடி சக்கரத்துக்குத் திரும்பிவிட்டான்.

அன்று மாலையே ஜெரோம் முழுப் படத்தையும் சத்தத்தோடு போட்டான். மேளம் எதுவும் சேர்க்கவில்லை. ‘கடைசியில் கேட்கிற குரல் என்னுடையது. காற்றுச் சத்தம் நிற்கிற இடத்திலிருந்து நானும் ஒட்டிக்கொண்டு வந்தவன்தான். இதில் முன்னால் போனவர் யாரையும் ஏமாற்றவில்லை, காற்றெல்லாம் அவர்தான் வாங்கினார்’ என்று எழுதித் தன் நம்பரைப் பெரிதாகப் போட்டான். ஒரு வாரத்தில் அதைப் பத்தொன்பது பேர் பார்த்திருந்தார்கள். அதில் ஒன்று தீனா, இன்னொன்று ரெஜினா. கோயம்புத்தூர்க்காரர் வரவில்லை. நாற்பது நிமிஷப் படத்தை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? போட்டிக்காரர்களுக்கும் எழுதினான், என் பெயரை முடிவிலிருந்து நீக்கிவிடுங்கள் என்று. அதை மட்டும் மறுநாளே செய்தார்கள். செங்கல்பட்டுக்கு நேரில் போனான். பள்ளி அலுவலகத்தில் இருந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “புது மாஸ்டர் ஜாயின் பண்ணிட்டாரே சார்” என்றார்.

ரெஜினா ஒரு நாள் வந்து, கடலை அளக்க வரலட்சுமியிடம் வாங்கியிருந்த படியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். அண்ணனைப் பார்த்து, “கால் வீக்கம் வத்திச்சாண்ணா?” என்று கேட்டாள். கேட்டாளே என்று ஜெரோமுக்கு இருந்தது. உட்காரச் சொன்னதற்கு, நேரமாயிட்டுது என்று கிளம்பிவிட்டாள்.

ஏப்ரல் நடுவில் ஒரு நாள் விடியலில் ஜெரோம் தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தான். உப்பளத்துக்கே போய், வேலை செய்கிற இடத்தில் எல்லார் முன்னாலும் மச்சானிடம் மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று நினைத்திருந்தான். ஊர் உலகம் பார்க்கச் சொன்னதை, ஊர் உலகம் பார்க்கத்தானே திருப்பி எடுக்க வேண்டும். கீழ்வானம் அப்போதுதான் வெளுத்தது. தெற்கத்திக் காற்று நெஞ்சில் வந்து முட்டியது.

ஆலம்பரைத் திருப்பம் தாண்டியதும் வரிசை தெரிந்தது. ஏழு சைக்கிள். முன்னால் பூபாலன், லுங்கியை மடித்துக் கட்டி, தலையில் துண்டு. கடைசியில் சந்திரம்மா, கேரியரில் தூக்கும் மண்வெட்டியும். ஜெரோமுடையது பந்தய சைக்கிள். நாலு மிதி மிதித்தால் ஒட்டிக்கொண்டிருக்கலாம். மிதித்தான். சந்திரம்மாவின் சைக்கிளுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு மீட்டர் வந்ததும் கால் தானாக நின்றுவிட்டது. அதற்கு மேல் போக உடம்பு மறுத்தது. அந்த இடைவெளியில் காற்று முழுசாக அவன் மேல் அடித்தது. அப்படியே பின்தொடர்ந்தான்.

மைல்கல் வருவது அவனுக்குத் தெரிந்தது. வெள்ளைக் கல், மஞ்சள் தலை. முன்னாலிருந்து பூபாலனின் குரல் வந்தது. அதே குரல், திரும்பாமல்.

“கடேசி ஆளு கீறியா?”

ஜெரோமின் வாய் திறந்துவிட்டது. பதில் தொண்டைக்கு வந்துவிட்டது. அதற்குள் சந்திரம்மா தலையைத் திருப்பிப் பார்த்தார். அவனை அடையாளம் தெரிந்தது அவருக்கு. ஒரு நொடி பார்த்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டு, “கீறேன்பா” என்று குரல் கொடுத்தார்.

பூபாலன் வேகத்தைக் குறைக்கவில்லை. வரிசை சந்திரம்மாவோடு முடிந்து, ஒரே சீராகத் தெற்கே போய்க்கொண்டிருந்தது. ஜெரோம் மிதிப்பதை நிறுத்தி, ரோட்டோரம் காலை ஊன்றி நின்றான்.